பழைய லாண்ட் ரோவர் வண்டியின் முன்தடுப்பும் டாஷ்போர்டும்: துரு நீக்கிச் செப்பனிடும் முறை

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து முதலிய பிரதேசங்களில் வைக்கோல் கொட்டகையின் மூலையிலாவது, ஆட்டுப்பட்டியின் வேலியோரத்திலாவது பழைய லாண்ட் ரோவர் வண்டியொன்று நிற்பது சாதாரணக் காட்சியாகும். நாற்பது ஐம்பது வருஷங்களுக்கு முன் பாட்டனார் வாங்கியதாக இருக்கும். மேற்புறத்தைப் பார்த்தால் வர்ணம் மங்கியிருக்குமேயொழியத் துருவென்பது அதிகமாய்த் தென்படாது. மட்கார்டும் கதவும் பானெட்டும் அலுமினியக் கலப்புத் தகட்டினால் ஆனவை. அவற்றிற்குச் செந்துரு பிடிப்பதில்லை. இதைக் கண்டு, வண்டி முழுவதும் பழுதற்றதென்று உடையவர் எண்ணிவிடுகிறார். ஆனால் எஞ்சினுக்கும் ஓட்டுபவர் இருக்கைக்கும் நடுவே நிற்கும் இரும்புத் தடுப்போ உள்ளுக்குள்ளே அப்பளம்போல் நொறுங்கிப் போயிருக்கலாம். ஆங்கில மெக்கானிக்குகள் இதனைப் 'பல்க்ஹெட்' என்பர். இக்கட்டுரையில் இது முன்தடுப்பு என்று சொல்லப்படும்.

அலுமினியமும் இரும்பும் ஒரே வண்டியில் கலந்து வந்ததற்குக் காரணம் உண்டு. ரோவர் கம்பெனியின் தலைமை எஞ்சினியராக இருந்த மாரிஸ் வில்க்ஸ் என்பவருக்கு ஆங்கிள்ஸி தீவில் ஒரு நிலம் இருந்தது. அதில் யுத்தத்தில் கழித்துவிடப்பட்ட அமெரிக்க ஜீப் வண்டியொன்றை வேலைக்கு வைத்திருந்தார். அது தேய்ந்துபோனால் பதிலுக்கு வாங்க வேறு வண்டியில்லை என்ற குறையிலிருந்துதான் 1947ஆம் வருஷத்தில் இவ்வண்டியின் எண்ணம் பிறந்தது. அவருடைய சகோதரர் ஸ்பென்ஸர் வில்க்ஸ் கம்பெனியின் நிர்வாகியாக இருந்ததால் காரியம் விரைவில் நடந்தேறியது. 1948ஆம் வருஷம் ஏப்ரல் 30ந் தேதி ஆம்ஸ்டர்டாம் நகரத்து மோட்டார் கண்காட்சியில் வண்டி வெளியிடப்பட்டது. விலை 450 பவுன். யுத்தத்திற்குப் பின் பிரிட்டனில் எஃகுத் தகடு பங்கீட்டில் இருந்தது. ஆகாய விமானங்களுக்கென்று செய்யப்பட்ட அலுமினியக் கலப்புத் தகடோ தாராளமாய்க் கிடைத்தது. ஆகையால் வெளிக்கூட்டை அலுமினியத்திலும், பாரம் தாங்கவேண்டிய சாஸியையும் முன்தடுப்பையும் எஃகிலும் செய்தார்கள். உழவுக்கும், பின்புறத்துச் சுழல்தண்டின் மூலம் ரம்பத்தையும் கதிரடிக்கும் இயந்திரத்தையும் ஓட்டுவதற்கும் ஏற்றதென்றே வண்டி விளம்பரம் செய்யப்பட்டது.

முதல் வரிசை 1958 வரையிலும், இரண்டாம் வரிசையும் அதன் திருத்தமான இரண்டு-ஏ என்பதும் 1958 முதல் 1971 வரையிலும், மூன்றாம் வரிசை 1971 முதல் 1985 வரையிலும் செய்யப்பட்டன. அதன் வழிவந்த டிபெண்டர் என்னும் வண்டியின் உற்பத்தி ஸாலிஹல் தொழிற்சாலையில் 2016 ஜனவரி 29ந் தேதி நின்றது. கம்பெனியை 2008ஆம் வருஷத்தில் இந்தியாவைச் சேர்ந்த டாட்டா மோட்டார்ஸ் வாங்கிக்கொண்டது என்பதையும் இங்கே குறிப்பிடலாம். கீழே சொல்லப்படுவது முக்கியமாய் இரண்டாம் வரிசை, இரண்டு-ஏ வண்டிகளைப் பற்றியது. மற்றவை வித்தியாசப்படும் இடங்கள் அங்கங்கே காட்டப்படும்.

முன்தடுப்பு செய்யும் வேலை

வீட்டிற்கு நிலைக்கால் எப்படியோ அப்படியே இவ்வண்டிக்கு முன்தடுப்பு. நிலை சாய்ந்தால் கதவு அடைபடாது, தாழ்ப்பாள் விழாது, மேலேயுள்ள சுவரும் விரியும். முன்தடுப்பின் இரு ஓரங்களிலும் பெட்டிபோல் மடித்த எஃகுத் தூண்கள் நிற்கின்றன. அவற்றில் கதவுக் கீல்கள் பூட்டப்பட்டிருக்கின்றன. தூணின் அடிக்கால், சாஸியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைமரத்தோடு நீண்ட போல்ட்டினால் இணைக்கப்பட்டுள்ளது. தூண்களின் தலைகளைச் சேர்க்கும் மேற்சட்டத்தின்மீது காற்றுக்கண்ணாடி உட்காருகிறது. நடுவில் கியர் பெட்டிக்கு வழிவிட்டு, இரு பக்கமும் காலை நீட்டிக்கொள்ளும் கால்குழிகள் இருக்கின்றன.

இவ்வளவோடு நின்றால் இது வெறும் கூட்டு வேலையாக இருக்கும். ஸ்டியரிங் தண்டும் அதன் பெட்டியும் இந்தத் தடுப்பையே பிடித்து நிற்கின்றன. இரண்டாம் வரிசை முதல் பிரேக்கு மிதியும் கிளச்சு மிதியும் மேலிருந்து தொங்கவிடப்பட்டு, அவற்றின் பெட்டிகள் கால்குழியின் முன்முகத்தில் போல்ட்டு போடப்பட்டுள்ளன. ஓட்டுபவர் அவசரத்தில் பிரேக்கை உதைக்கும் உதை முழுவதையும் தாங்குவது அந்தத் தகடுதான். துருவினால் தகடு மெலிந்திருந்தால், மிதி கீழே போவதற்குப் பதிலாகத் தகடு முன்னே வளையும். பிரேக்குப் பிடிக்க வேண்டிய பலத்தில் ஒரு பங்கு அங்கேயே செலவாகிவிடும். மூடுபனியில் மலைச்சரிவில் ஆட்டுக்குட்டிகளை ஏற்றிக்கொண்டு இறங்கும் வண்டியில் இது எவ்வளவு அபாயமென்று விவரிக்க வேண்டியதில்லை.

மேலும் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. கிரேட் பிரிட்டனில் 2018ஆம் வருஷம் மே மாதம் முதல், நாற்பது வருஷங்களுக்கு மேற்பட்டதும் அமைப்பில் பெரிய மாறுதல் செய்யப்படாததுமான வண்டிகளுக்கு வருஷாந்தரச் சோதனை கட்டாயமில்லையென்று விலக்கு அளிக்கப்பட்டது. விலக்கு சோதனைக்குத்தானேயன்றி, வண்டியை அபாயமற்ற நிலையில் வைத்திருக்கும் பொறுப்புக்கு அல்ல. முன்பு சோதனைக்காரர் ஒருவராவது வருஷத்திற்கொருமுறை சுத்தியலால் தட்டிப் பார்த்தார். இப்போது உடையவர் பார்த்தாலொழிய வேறு எவரும் பார்ப்பதில்லை.

துரு எவ்வழியாய் வருகிறது

தண்ணீர் நுழையும் வழியை அறியாமல் தகட்டை மாற்றுவது, ஏரிக்கரையின் எலிவளையை அடைக்காமல் மடையைச் சீர்செய்வது போன்றதே. புதுத்தகடும் அதே வழியில் கெடும்.

முதல் வழி மேலிருந்து வருவது. காற்றுக்கண்ணாடிச் சட்டத்திற்கும் மேற்சட்டத்திற்கும் நடுவேயுள்ள ரப்பர் பட்டை காலத்தினால் இறுகிச் சுருங்கிவிடுகிறது. அதற்குக் கீழே காற்று வருவதற்காக வைத்த இரண்டு மடக்கு மூடிகளின் ரப்பரும் அப்படியே. மூடியின் கீழ்விளிம்பில் வாடிய இலையும் புழுதியும் தங்கி ஈரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அங்கே தொடங்கும் துரு மூலைகளில் பரவி, மேற்சட்டத்தின் இரு நுனிகளையும் தின்கிறது. உள்ளே ஒழுகும் ஜலம் டாஷ்போர்டின் பின்புறத்துக் கம்பிகளின்மேல் சொட்டி, பிறகு கால்குழியில் சேர்கிறது. கால்குழியில் ரப்பர் விரிப்போ கம்பளித் துண்டோ கிடந்தால் அது கோடை வரையில் உலராது.

இரண்டாவது வழி கீழிருந்து வருவது. முன்சக்கரம் வாரியடிக்கும் சேறு கால்குழியின் முன்முகத்திலும், தூணின் அடிக்காலிலும், கைமரத்தின் மேற்புறத்திலும் அப்பிக்கொள்கிறது. குளிர்காலத்தில் அந்நாட்டுச் சாலைகளில் பனிக்கட்டியை உருக்குவதற்காக உப்பு தூவுகிறார்கள்; சேற்றோடு உப்பும் சேர்ந்தால் கேடு இருமடங்காகும். கைமரத்தின் மேலுள்ள சேற்றை வருஷத்தில் இரண்டு முறை குழாய் ஜலத்தால் கழுவிவிட்டிருந்தால் பல முன்தடுப்புகள் இன்றும் நன்றாய் இருந்திருக்கும்.

மூன்றாவது, தகடுகளின் கூட்டுவாய். இரண்டு தகடுகளை ஒன்றின்மேலொன்று வைத்துப் புள்ளி புள்ளியாய்ப் பற்றவைத்திருப்பதால், நடுவே வர்ணம் ஏறுவதில்லை. மயிரிழை இடைவெளியில் ஜலம் தானே ஏறித் தங்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கொள்வதால் தகடுகள் விரிந்து, பற்றவைத்த புள்ளிகள் ஒவ்வொன்றாய் விட்டுப்போகும். நாலாவது, பிரேக்கு எண்ணெய். அதன் தலைமை உருளை கால்குழிக்கு மேலே இருப்பதால், கசிவு ஏற்பட்டால் எண்ணெய் தகட்டின்மேல் வழிந்து வர்ணத்தைக் கரைத்துவிடும். பின்பு துருவுக்குத் தடையில்லை.

அலுமினிய மட்கார்டு இரும்புத் தூணைத் தொடும் இடங்களில் வெள்ளைப் பொடி காணப்படும். இரு உலோகங்களுக்கிடையே உப்புநீர் இருந்தால் மின்சாரச் செயலினால் அலுமினியம் அரிக்கப்படுகிறது. இவ்விஷயத்தில் நஷ்டமடைவது அலுமினியமே என்பதை அறியாமல், துருப்பிடிக்காத உலோகமென்று அதை அலட்சியம் செய்கிறார்கள்.

சோதித்தல்

கூரிய தலையுள்ள சிறு சுத்தியலும், பழைய திருப்புளியும், ஒரு விளக்கும் போதும். விரிப்பை எடுத்துவிட்டுக் கால்குழியின் நான்கு மூலைகளையும் தட்ட வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். கெட்டது மண்சட்டியில் விரிசல் விட்டாற்போல் மந்தமாய் ஒலிக்கும். தூணின் அடிக்காலைத் திருப்புளியால் குத்திப் பார்க்கலாம். கதவைப் பாதி திறந்து, அதன் நுனியைப் பிடித்து மேலே தூக்கினால் கீல் ஆடுகிறதா, தூணே ஆடுகிறதா என்று தெரியும். தூண் ஆடினால் கீலை மாற்றிப் பயனில்லை. ஒருவர் பிரேக்கை மிதிக்க, மற்றொருவர் பானெட்டைத் திறந்து மிதிப்பெட்டியின் பக்கம் தகடு அசைகிறதா என்று பார்ப்பது மிக நல்ல சோதனை, செலவில்லாதது, ஆனாலும் செய்பவர் குறைவு.

வர்ணத்தின் கீழே தார் பூசிய துணியோ கண்ணாடி நார்ப் பசையோ வைத்து ஓட்டையை மறைத்திருப்பது பழைய வண்டிகளில் சகஜம். காந்தத் துண்டொன்றை நூலில் கட்டித் தடவினால் அவ்விடத்தில் ஒட்டாது. அவ்வகை ஒட்டு, பாரம் தாங்கும் இடத்தில் எக்காலத்தும் செப்பனிடுதலாகாது. பிரிட்டிஷ் வருஷாந்தரச் சோதனை விதிகளில், ஸ்டியரிங், பிரேக்கு, இருக்கைப் பட்டை முதலியவை பூட்டிய இடத்திற்கு 30 சென்டிமீட்டருக்குள் தகடு பலவீனப்பட்டிருந்தால் வண்டி தேறாது என்று இருப்பதும் இக்காரணம் பற்றியே. சோதனைக்கு விலக்குள்ள வண்டிக்கும் அந்த 30 சென்டிமீட்டரை அளவுகோலாகக் கொள்வது நலம்.

சோதித்த பின் தீர்மானம் செய்ய வேண்டும். கால்குழி மட்டும் கெட்டிருந்தால் தயாராய்க் கிடைக்கும் கால்குழித் தகட்டை வாங்கி வைக்கலாம். இரு கால்குழியும் இரு அடிக்காலும் கெட்டு, மேற்சட்டம் நன்றாயிருந்தால், செப்பனிடுவது இன்னும் லாபமே. மேற்சட்டத்தின் மூலைகளும், மூடிகளின் வாயும், தூண்களின் நடுப்பாகமும் சேர்ந்து போயிருந்தால், புதிதாகச் செய்த முழு முன்தடுப்பை வாங்குவதே அநேகமாய்ச் சிக்கனமாகும். கூலியைக் கணக்கிடாமல் தகட்டின் விலையை மட்டும் ஒப்பிட்டு முடிவு செய்பவர் பிற்பாடு வருந்துவர்.

கழற்றுதல்

முதலில் பாட்டரியின் இணைப்பை எடுத்துவிட வேண்டும். முன் இருக்கையின் அடியில் பெட்ரோல் தொட்டி இருப்பதால், அதை இறக்கித் தூரத்தில் வைக்காமல் வண்டியின்மேல் நெருப்பு வேலை செய்யவே கூடாது. அறுக்கும் சக்கரத்தின் பொறியும் நெருப்பே.

ஒவ்வொரு பாகத்தையும் எடுப்பதற்கு முன் புகைப்படம் எடுத்துக்கொள்வதும், கம்பி ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டுவதும் அவசியம். போல்ட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டுதல் கூடாது. இவ்வண்டிகளில் பழைய பிரிட்டிஷ் மரையும் பிற்காலத்து மரையும் கலந்திருப்பதால், ஒன்று போலத் தோன்றுவது மற்றொன்றின் நட்டில் ஏறாது. பலவந்தமாய் ஏற்றினால் மரை கெடும். இடத்திற்கு ஒரு பையாகப் போட்டுப் பெயர் எழுதி வைத்தால் மாதக்கணக்கில் வேலை நீடித்தாலும் குழப்பமில்லை. வண்டியின் எண் பொறித்த தகட்டைக் கழற்றினால் உடனே பத்திரப்படுத்த வேண்டும். சாஸியில் பொறித்த எண்ணும், தகட்டிலுள்ள எண்ணும், பதிவுப் பத்திரத்து எண்ணும் ஒன்றாயிருத்தல் வேண்டும். பழைய முன்தடுப்பைத் தகட்டோடு விற்றுவிட்டுப் பின்னர் உரிமை விஷயத்தில் சங்கடப்படுவதற்கு இடம் வைக்கலாகாது.

கைமரத்தில் செல்லும் நீண்ட போல்ட்டு தன் குழாயோடு துருவில் ஒன்றாகியிருக்கும். ஊடுருவும் எண்ணெயைச் சில நாள் விட்டுப் பார்க்கலாம். இளகாவிட்டால் இரு புறமும் ரம்பத்தால் அறுத்துவிடுவதே உசிதம். சுத்தியலால் ஓங்கி அடித்தால் கைமரம் வளையும். கதவுக் கீல் போல்ட்டுகளும் தூணுக்குள் சிறைப்பட்ட நட்டுகளில் இறுகியிருக்கும். நட்டு உள்ளே அறுந்து சுழல ஆரம்பித்தால் தூணைத் திறக்க வேண்டிவரும். ஆகவே இங்கே பலத்தைவிடச் சூடும் பொறுமையும் உதவும்.

முட்டுக் கொடுத்தல்

வேலை கெடுவதற்கு முக்கியமான காரணம் இந்தக் கட்டத்தை விட்டுவிடுவதுதான். கெட்ட கால்குழியானாலும் அது இருக்கும்வரையில் தூண்களை ஓர் அளவில் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை அறுத்தெடுத்ததும் தூண்கள் தம் இஷ்டப்படி அகலும் அல்லது நெருங்கும். புதுத்தகட்டைப் பற்றவைத்தபின் கால் அங்குலம் வித்தியாசம் கண்டாலும் கதவு பூட்டாது, காற்றுக்கண்ணாடி உட்காராது.

ஆகையால் அறுப்பதற்கு முன்பே இரு தூண்களுக்கும் குறுக்கே ஆங்கில் இரும்பு இரண்டும், மூலைக்கு மூலை ஒன்றும் தற்காலிகமாய்ப் பற்றவைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். மேலே இரு கீல் துளைகளுக்கிடையிலும், கீழே இரு அடிக்கால் துளைகளுக்கிடையிலும், மூலைவாட்டில் இரு புறமும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். மூலைவாட்டு அளவுகள் இரண்டும் சமமாக இருந்தால் சட்டம் சதுரமாக இருக்கிறது என்று பொருள். இது தச்சர்கள் நிலை கூட்டும்போது கயிறு பிடித்துப் பார்க்கும் முறையேயாகும். பழைய முன்தடுப்பு முன்னமே கோணியிருந்தால் அதை அளவாகக் கொள்ளக்கூடாது. அப்போது அதைச் சாஸியின்மேல் நிறுத்தி, கதவுகளையும் காற்றுக்கண்ணாடியையும் மாட்டிச் சரிபார்த்து, அந்நிலையில் முட்டுக் கொடுத்தல் வேண்டும். இரண்டு நாள் அதிகமாகும், பரவாயில்லை.

தகடு வைத்தல்

துருவை நீக்கி வெள்ளை இரும்பு தெரியும்படி செய்தபின்தான் எவ்வளவு அறுப்பது என்று தெரியும். மணல்வீச்சு விரைவானது, ஆனால் மேற்சட்டத்தின் அகன்ற தகட்டில் அதிக அழுத்தத்தோடு வீசினால் அலையலையாய் நெளிந்துவிடும். திராவகத் தொட்டியில் முக்கினால் மூலை முடுக்கெல்லாம் சுத்தமாகும். எனினும் கூட்டுவாயில் தங்கிய திராவகம் பின்னால் வடிந்து புதுவர்ணத்தை உரிக்கும். முடுக்கில்லாத இடங்களுக்குக் கம்பித் தூரிகையே போதும். பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடுமாதலால் உலர்வாய் உரசித் தூசி கிளப்பக்கூடாது. ஈரமாகத் தேய்ப்பதும் முகத்துக்குத் தகுந்த மூடி அணிவதும், குழந்தைகளையும் கோழிகளையும் அவ்விடத்திலிருந்து அகற்றி வைப்பதும் வேண்டும்.

பற்றவைத்த புள்ளிகளைத் தகுந்த டிரில்லினால் மேல்தகடு மட்டும் விடும்படி குடைந்து, பழைய தகட்டை உளியால் பிரிக்க வேண்டும். நல்ல இரும்பு தென்படும்வரை அறுக்க வேண்டுமேயன்றி, ஓட்டை தெரியுமளவு மட்டும் அறுத்துவிட்டு மெலிந்த விளிம்பில் பற்றவைத்தால், சூட்டில் விளிம்பே உருகி ஓடும். புதுத்தகட்டின் கனம் பழையதற்குக் குறையலாகாது; 18 கேஜ் தகடு ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டரும், 16 கேஜ் தகடு ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டரும் கனமுள்ளவை. கால்குழிக்கு 16 கேஜ் தகடே உத்தமம்.

கால்குழி முழுவதையும் மாற்றும்போது, அதன் விளிம்பில் பழைய புள்ளிகள் இருந்த இடைவெளியிலேயே எட்டு மில்லிமீட்டர் துளைகள் போட்டு, துளையின் வழியாய் அடித்தகட்டோடு பற்றவைத்து நிரப்பலாம். துண்டுத்தகடு வைத்தால் அதன் சுற்றளவு முழுவதையும் விடாமல் பற்றவைக்க வேண்டும். ஒரே ஓட்டமாய்ப் பற்றவைத்தால் தகடு கோணும். ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் எதிர்ப்புறத்தில் என்று மாற்றி மாற்றி வைத்து, கை வைக்கும்படி ஆறவிட்டுத் தொடர வேண்டும். ஒன்றன்மேலொன்று படியும் முகங்களில், பற்றவைக்கும் சூட்டைத் தாங்கும் துத்தநாகப் பிரைமரை முன்பே பூச வேண்டும். பிறகு அங்கே தூரிகை எட்டாது. துத்தநாகம் எரியும் புகையைச் சுவாசித்தால் குளிர்ஜுரம்போல் நடுக்கம் காணுமாதலால், காற்றோட்டமான இடத்திலேயே இவ்வேலை செய்யத்தக்கது.

முட்டுகளை எடுப்பதற்கு முன் மறுபடியும் சாஸியின்மேல் நிறுத்திக் கதவுகளை மாட்டிப் பார்க்க வேண்டும்.

நாகமுலாமும் வர்ணமும்

செப்பனிட்ட முன்தடுப்பு முழுவதையும் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. துத்தநாகம் தகட்டின் உட்புறத்திலும் கூட்டுவாயிலும் ஏறிக்கொள்வதால் இதற்கு நிகரான காப்பு வேறில்லை. ஆயினும் சில எச்சரிக்கைகள் உண்டு. தொட்டியின் சூடு ஏறக்குறைய 450 டிகிரி சென்டிகிரேடு. அச்சூட்டில் மெல்லிய மேற்சட்டம் நெளியக்கூடும். காற்றுப் போக வழியின்றி மூடிய பெட்டிப் பாகம் ஏதேனும் இருந்தால், உள்ளிருக்கும் ஈரம் நீராவியாகி வெடிக்கும். தொட்டியருகே நிற்பவர் உயிருக்கே அபாயம். ஆகவே தூண்களின் மேலும் கீழும் துளைகள் போட்டு, முலாம் போடுகிறவரிடம் காட்டி அவர் சம்மதம் பெற்ற பின்பே அனுப்ப வேண்டும். பள்ளங்களை நிரப்பும் பசையையும் ஈயப்பற்றையும் முலாமுக்கு முன் இட்டால் அவை அங்கேயே போய்விடும். முக்கியெடுத்த பிறகு எல்லா மரைகளிலும் துத்தநாகம் உறைந்திருக்கும். மரைக்கருவியை ஓட்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

முலாமின்மேல் சாதாரண வர்ணம் பிடிக்காது. ஒரே வருஷத்தில் பாளம் பாளமாய் உரியும். முலாமுக்கென்று விற்கும் அரிப்பு நீரைத் தடவி, மேற்பரப்பு கருத்ததும் கழுவி உலர்த்தி, தக்க பிரைமர் பூசியபின் வர்ணம் தீட்ட வேண்டும். முலாம் போடாதவர்கள் நல்ல பிரைமரும் இரண்டு பூச்சு வர்ணமும் பூசி, தூண்களுக்குள் மெழுகெண்ணெயைக் குழாயால் பாய்ச்சினால் அதுவும் நெடுங்காலம் காக்கும். இரண்டு வருஷத்திற்கொரு முறை மறுபடியும் பாய்ச்சுவது மட்டும் தவறக்கூடாது. தூணின் அடியிலுள்ள வடிகால் துளையை மெழுகோ வர்ணமோ அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டாஷ்போர்டு

இரண்டு-ஏ வரையிலுள்ள வண்டிகளில் அளவுமானிகள் டாஷ்போர்டின் நடுவிலே ஒரு பலகையில் வைக்கப்பட்டிருக்கின்றன. அந்நிய தேசங்களுக்கு அதிகமாய் அனுப்பப்பட்ட வண்டியாதலால், இடப்புற ஸ்டியரிங்கானாலும் வலப்புற ஸ்டியரிங்கானாலும் பலகையை மாற்றவேண்டாத சௌகரியம் இதனால் உண்டு. மூன்றாம் வரிசையில்தான் மானிகள் ஓட்டுபவருக்கு நேரே வந்தன. டாஷ்போர்டின் மேலும் பிளாஸ்டிக் உறை போட்டார்கள். இரும்புப் பலகையைத் தேய்த்து வர்ணமடித்தால் புதிதாகிவிடும். பிளாஸ்டிக் உறையோ வெயிலில் வெடிக்கும். வெடிப்பின் பின்புறம் துணிப்பட்டை வைத்துப் பசையிட்டு இணைக்கலாமேயொழிய, பழைய மெருகு முழுவதும் வராது.

மானிகளின் எழுத்து மெல்லிய வர்ணத்தால் ஆனது. சாராயமோ பெட்ரோலோ தொட்டுத் துடைத்தால் எழுத்தும் கூடவே வந்துவிடும். கண்ணாடியின் உட்புறத்தை மட்டும் சுத்தம் செய்து, ரப்பர் வளையத்தை மாற்றி மூடிவிடுவதே போதுமானது.

கம்பிகளின் மேலுறை பழைய வண்டிகளில் ரப்பரும் பருத்தி நூலுமாய் இருந்து மக்கியிருக்கும். விரலால் மடித்தால் ரப்பர் உதிருமானால், முழுக் கட்டையும் மாற்றுவதே தகும். ஒட்டுப் போட்டுக்கொண்டே போனால் ஒரு நாள் புகை வரும். பிரிட்டிஷ் வண்டிகளின் கம்பி நிறங்களுக்கு ஒழுங்கு உண்டு: பழுப்பு நிறம் பாட்டரியிலிருந்து நேராய் வருவது, வெள்ளை சாவி திருப்பியபின் மின்சாரம் பெறுவது, பச்சை அதிலிருந்து பியூஸ் வழியாய்ச் செல்வது, சிவப்பு சிறுவிளக்குக்கு, நீலம் பெருவிளக்குக்கு, கருப்பு தரை இணைப்புக்கு. முன்பு செப்பனிட்டவர் கைக்குக் கிடைத்த நிறத்தைப் போட்டிருக்கவும் கூடுமாகையால் சீட்டை நம்புவதே பத்திரம்.

தரை இணைப்பைப்பற்றி இரண்டு விஷயங்கள். பழைய வண்டிகளில் பாட்டரியின் நேர்முனை சாஸியோடு இணைக்கப்பட்டிருந்தது. 1960களின் பிற்பகுதியில் இது மாறி, எதிர்முனை சாஸிக்கு வந்தது. வேலை முடிந்து பாட்டரியை மாட்டும்போது வழக்கப்படி மாட்டாமல், அந்த வண்டிக்கு எதுவென்று பார்த்தே மாட்ட வேண்டும். ஆல்டர்னேட்டர் பொருத்திய மூன்றாம் வரிசையில் முனை மாறினால் அது ஒரு நொடியில் கெடும்.

மற்றொன்று, அழகாக வர்ணம் தீட்டியதனாலேயே உண்டாகும் தொல்லை. மானிகளும் விளக்குகளும் இரும்புத்தகட்டின் மூலமாகவே மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகின்றன. புதுவர்ணம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே, துவக்கத்தில் பெட்ரோல் முள் தப்பாய்க் காட்டும். ஒரு விளக்கைப் போட்டால் மற்றொன்று மங்கும். உடையவர் மானியைக் குறைகூறிப் புதிது வாங்குவார். பிற்கால இரண்டு-ஏ வண்டிகளிலும் மூன்றாம் வரிசையிலும் பெட்ரோல் மானிக்கும் உஷ்ணமானிக்கும் பத்து வோல்ட்டு அளவில் மின்சாரம் கொடுக்கும் சிறு பெட்டியொன்று உண்டு. அதன் தரை இணைப்பு விட்டால் இரு முட்களும் சேர்ந்தாற்போல் அளவுக்கு மேல் ஏறும். இரண்டும் ஒருங்கே தவறினால் குறை அநேகமாய்ப் பெட்டியில் அல்லது இணைப்பில். ஒன்று மட்டும் தவறினால் அந்த மானியில் அல்லது அதன் கம்பியில். மானிப்பலகையிலிருந்து சாஸிக்குத் தனியாக ஒரு கருப்புக் கம்பி இழுத்துவிடுவது சில காசு செலவில் இத்தொல்லை முழுவதையும் நீக்கும்.

திரும்பப் பூட்டுதல்

முன்தடுப்பைச் சாஸியில் வைத்து, அடிக்கால் போல்ட்டுகளையும் முன்புறத்துத் தாங்குகம்பிகளையும் தளர்வாகப் பூட்டி, கதவுகளை மாட்டி இடைவெளி சமமாகும்வரை தாங்குகம்பிகளாலும் வாஷர்களாலும் சரிசெய்து, பிறகே இறுக்க வேண்டும். போல்ட்டுகளுக்குக் கிரீஸ் தடவிப் போட்டால் அடுத்த முறை ரம்பம் வேண்டியிராது. அலுமினிய மட்கார்டு தொடும் முகங்களில் ஜலம் புகாத பசையைப் பூசிப் பூட்டினால் வெள்ளைப் பொடி தோன்றாது. மிதிப்பெட்டிகளும் ஸ்டியரிங் பெட்டியும் பூட்டப்பட்டபின் பிரேக்கு எண்ணெய்க் குழாய்களிலுள்ள காற்றை நீக்கி, முன் சொன்னபடி ஒருவர் மிதிக்க மற்றொருவர் தகட்டைப் பார்க்கும் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

ரப்பர் பட்டைகளும் மூடி ரப்பர்களும் புதிதாகப் போட்ட பின், விரிப்பு விரிக்குமுன், கால்குழிகளில் உலர்ந்த செய்தித்தாளைப் பரப்பிக் காற்றுக்கண்ணாடியின் அடியிலும் மூடிகளின்மேலும் பூவாளியால் கால் மணி நேரம் ஜலம் ஊற்ற வேண்டும். தாளில் ஈரம் தென்படும் இடத்திற்கு நேர் மேலே ரப்பரைத் திரும்ப எடுத்து உட்கார வைத்து, தாள் நனையாத வரையில் இப்படிச் செய்துவிட்டே விரிப்பைப் போடலாம்.